எடுப்புக் கக்கூஸிலிருந்து செப்டிக் டேங்க் லாரி வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டு நேரமாக இருந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள். விஷயம் அப்படி.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் குழுவில் ஒரு பையன், பையன் என்கிறேன், அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, தான் புதிதாக வாங்கிய செப்டிக் டேங்க் லாரியின் படத்தைப் போட்டிருந்தான். முன்னால் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் அவன் அம்மா. அதன் கீழே வாழ்த்து சொன்னவர்கள் நாலு பேர். மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொம்மை போட்டவர்களை நான் எண்ணவில்லை, நிறைய. மறுநாள் படத்தை அவனே எடுத்துவிட்டான். யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சிரித்தவர்களை பெஞ்சு மேல் ஏற்றும் காலம் எனக்கு முடிந்துவிட்டது. ஆனால் அந்த லாரி நம் தெருவுக்கு வந்து சேர்ந்த கதை ஒரு பெரிய சரித்திரம். பாடப்புத்தகத்தில் அசோகர் மரம் நட்டதைச் சொல்லிக் கொடுத்தேன், இதைச் சொல்லிக் கொடுக்க அப்போது பாடமே இல்லை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கக்கூஸ் என்பது நம் ஊர்க் கொச்சை என்று பலர் நினைக்கிறீர்கள். அது டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் கோட்டை கட்டி வாணிபம் செய்தவர்கள். அவர்கள் போய்விட்டார்கள், சொல் தங்கிவிட்டது. அலமாரியும் சாவியும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது என்றால், கக்கூஸ் டச்சுக்காரர் விட்டுப்போனது. நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு நன்னூல் இடக்கரடக்கல் என்று பெயர் வைத்திருக்கிறது. "கொல்லைக்குப் போயிருக்கிறார்", "வெளிக்குப் போயிருக்கிறார்" என்பதெல்லாம் அந்த வகைதான். சொல்லை மறைப்பது நாகரிகம், அதில் குற்றம் இல்லை. சொல்லோடு சேர்த்து அந்த வேலையைச் செய்த ஆளையும் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார்கள். மீதிக் கதை அதுதான்.

நான் வளர்ந்தது திருச்சியில், மலைக்கோட்டையைச் சுற்றிய நெருக்கமான தெருக்களில் ஒன்றில். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள். வாசல் தெருவைப் பார்க்கும், கொல்லைக் கதவு பின்னால் ஒரு சந்தைப் பார்க்கும். ஓர் ஆள் கூடையோடு நடக்கிற அகலம்தான் இருக்கும். அந்தச் சந்து எதற்காக விடப்பட்டது என்று இன்று அங்கே வீடு வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பாதிச் சந்தைச் சேர்த்துக் கட்டி, மோட்டார் ரூம் ஆக்கிவிட்டார்கள்.

வீட்டின் கடைசியில், இரண்டு மூன்று படி உயரத்தில் கக்கூஸ் இருக்கும். உட்காரும் மேடைக்கு அடியில் ஒரு பொந்து. அதில் தகர வாளி வைத்திருப்பார்கள், சில வீடுகளில் வாளியும் கிடையாது, வெறும் கல் தரைதான். பொந்தின் தகரக் கதவு சந்துப் பக்கம் திறக்கும். இதற்கு எடுப்புக் கக்கூஸ் என்று பெயர். அதாவது, தானாக எங்கும் போகாது, ஒருவர் வந்து எடுக்க வேண்டும். காலையில் ஓர் அம்மாள் வருவார். சாம்பலைத் தூவி, தகரத் தகட்டால் வழித்துக் கூடையில் போட்டு, அதைத் தலையில் சுமந்துகொண்டு சந்து முனையில் நிற்கும் நகராட்சி மாட்டு வண்டி வரை போவார். மழைக்காலத்தில் கூடை ஒழுகும். அதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களோடு தமிழ். தெருவில் அவரை வேலையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பாட்டி கொல்லைப் படியில் நின்று பழைய சோற்றை மேலிருந்து போடுவார், அவர் முந்தானையை ஏந்தி வாங்குவார். அவருக்கு என் வயதில் ஒரு பெண் இருந்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் சாம்பல் சட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போவாள். எனக்கு ஏழு வயது இருக்கும், அதாவது 1966 வாக்கில். சுதந்திரம் வந்து இருபது ஆண்டு ஆகப்போகிறது.

திருச்சி நகராட்சி 1866இல் தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்து நகராட்சிகளுக்கு வரி வசூலுக்கு அடுத்த பெரிய கவலை காலரா. ஊர் பெருக்கப் பெருக்க, மலம் அள்ள ஆள் வேண்டும் என்று தேடினார்கள். தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் தெலுங்கு பேசும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்தி, ஊர்க்கோடியில் ஒரு காலனி கொடுத்து, அப்பாவுக்குப் பின் பிள்ளை, மாமியாருக்குப் பின் மருமகள் என்று அந்த வேலையிலேயே நிறுத்தினார்கள். சாதி ஏற்கெனவே இருந்தது, நகராட்சி அதற்கு ஒரு சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. இது என் கருத்து. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

அந்த மாட்டு வண்டிகள் எங்கே போயின என்று கேட்பீர்கள். ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்கு. குப்பை ஓர் அடுக்கு, மலம் ஓர் அடுக்கு என்று அகழியில் போட்டு மண்ணால் மூடி, சில மாதம் கழித்து வெட்டி எடுத்தால் நல்ல எரு. பெங்களூரில் 1930களின் கடைசியில் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார்கள், பல நகராட்சிகள் கடைப்பிடித்தன. ஜப்பானில் இது இன்னும் மேலே போயிற்று. இன்று டோக்கியோ என்று சொல்லும் ஊர் எடோ என்று இருந்த காலத்தில், குடியிருப்போரின் மலத்தை வீட்டுக்காரர் விவசாயிகளுக்கு விற்பார். பணமாகவும் வாங்குவார், காய்கறியாகவும் வாங்குவார். வாடகை ஒரு வருமானம், இது இன்னொரு வருமானம். பல லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அப்படித்தான் சுத்தமாக இருந்தது.

லண்டன் கதை வேறு. அங்கே வீட்டுக்கு அடியில் ஒரு குழி. குழி நிரம்பினால் இரவில் ஆட்கள் வந்து வாளியால் மொண்டு, வண்டியில் ஏற்றிப் போவார்கள். பகலில் அள்ளக் கூடாது என்று விதி. அந்த ஆட்களுக்கே இரவோடு சேர்த்துத்தான் பெயர். 1854இல் பிராட் தெரு என்ற தெருவில் காலரா வந்தது. பத்தே நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் சொன்னபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய் யார் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டு எழுதினார். எல்லாம் ஒரே கைப்பம்பில் வந்து நின்றது. பிறகு தோண்டிப் பார்த்ததில், பம்புக் கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, துணியை அலசிய தண்ணீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டது.

எட்டாம் வகுப்பில் இதை நான் கதையாகச் சொன்னது சிலருக்கு நினைவிருக்கும். அப்போது உங்களிடம் கேட்ட கேள்வியை இப்போதும் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை அடி? ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். முக்கால் கிரவுண்டு மனையில் ஐம்பது அடிக்கு எங்கே போவது என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுத் தொட்டி உங்கள் போருக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது தொட்டி. பிரான்ஸில் வெசூல் என்ற ஊரில் மூரா என்பவர் 1860 வாக்கில் ஒரு வீட்டுக்குக் காற்றுப் புகாத கட்டுத் தொட்டி ஒன்றைக் கட்டி, வீட்டுக் கழிவை அதில் விட்டார். பன்னிரண்டு ஆண்டுக்குமேல் கழித்துத் திறந்து பார்த்தபோது, தொட்டி நிறையச் சேறு இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். பெரும்பாலும் தண்ணீர்தான் இருந்தது. உள்ளே ஏதோ அதைத் தின்று தீர்த்திருந்தது. மோய்ஞோ என்ற பாதிரியாரும் சேர்ந்து ஆராய, 1881இல் காப்புரிமை வாங்கினார்கள். தின்றது பாக்டீரியா. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் வகை.

பிறகு இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தின் பொறியாளர் டொனால்டு கேமரன் 1895இல் ஊர்க் கழிவுக்கே இப்படி ஒரு மூடிய தொட்டி கட்டினார். செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தவர் அவர்தான். செப்டிக் என்றால் கிரேக்க மொழியில் அழுகச் செய்வது. "புண்ணு செப்டிக் ஆயிடுச்சு" என்று சொல்கிறோமே, அதே செப்டிக். புண்ணில் அழுகினால் ஆபத்து, தொட்டியில் அழுகினால் உபகாரம். அதில் கிளம்பிய எரிவாயுவைப் பிடித்து விளக்கு எரித்தும் காட்டினார் கேமரன். எரியும் வாயு உள்ளே இருக்கிறது என்பது அன்றே தெரிந்த விஷயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தொட்டிக்குள் நடப்பது எளிது. மிதப்பது மேலே ஏடாக நிற்கும். கனமானது அடியில் வண்டலாகப் படியும். நடுவில் கலங்கல் தண்ணீர். முதல் அறையில் தெளிந்த தண்ணீர் தடுப்புச் சுவரைத் தாண்டி இரண்டாம் அறைக்கும், அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும் போகும். பாக்டீரியா முக்கால் வேலையைச் செய்யும், மீதி வண்டலாகத் தங்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது அதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வண்டல் ஏறி, தண்ணீர் நிற்க இடம் இல்லாமல், அள்ள வேண்டியது அப்படியே உறிஞ்சு குழிக்கும், அங்கிருந்து நிலத்தடி நீருக்கும் போகும். "எங்க வீட்டு டேங்க் பதினைந்து வருஷமா நிரம்பவே இல்லை டீச்சர்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நிரம்பாத தொட்டி என்றால் அடியில் தளம் போடாத தொட்டி என்று அர்த்தம். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இருப்பது செப்டிக் டேங்கே அல்ல. ஐந்தாறு சிமெண்ட் உறையை இறக்கி, மேலே ஒரு சிலாப்பு போட்டு மூடிய குழி. பெயர் மட்டும் செப்டிக் டேங்க்.

எங்கள் தெருவுக்கு இந்தத் தொட்டி 1970களின் பிற்பகுதியில் வந்தது. ஒரு வீட்டில் கட்டினால் பக்கத்து வீட்டுக்கும் ஆசை வரும். சந்துக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பாதாளச் சாக்கடை வரும் வரும் என்றார்கள், திருச்சியில் இன்றும் எல்லாத் தெருவுக்கும் வந்து சேரவில்லை. நாடு முழுக்கவே அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புற வீடுகளில் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ளவை நூற்றுக்கு 33க்குச் சற்றுக் குறைவு, செப்டிக் டேங்க் உள்ளவை 38க்குச் சற்று மேல். கிராமத்தைக் கேட்கவே வேண்டாம். நான் வேலை பார்த்த முதல் ஒன்றியப் பள்ளியில் கழிவறை என்ற ஒன்றே கிடையாது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் ஏன் ஏழாம் வகுப்போடு நின்றார்கள் என்று ஆண் ஆய்வாளர்கள் எங்களிடம் காரணம் கேட்டு எழுதச் சொல்வார்கள்.

தொட்டி வந்ததும் அந்த அம்மாளுக்கு விடுதலை கிடைத்திருக்கும் என்றுதான் நினைப்போம். கூடை போனது உண்மை. ஆனால் தொட்டி நிரம்பும்போது கூப்பிட்டது அதே குடும்பத்து ஆண்களை. சாயங்காலம் வந்து சிலாப்பைக் கடப்பாரையால் நெம்பித் திறப்பார்கள். ஒரு கால் பாட்டில் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. குடிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று அவர்களே சொல்வார்கள். இடுப்பில் கயிறு, கையில் வாளி, ஒருவர் உள்ளே, இருவர் மேலே. கொல்லையிலேயே ஒரு பள்ளம் வெட்டி அதில் ஊற்றி மூடுவார்கள். அரசாங்கம் எடுப்புக் கக்கூஸை ஒழிக்கப் பேசிக்கொண்டிருந்த நாளில், அந்த வேலை சந்திலிருந்து தொட்டிக்குள் இறங்கிவிட்டது.

அரசாங்கத்தின் பேச்சு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1949இல் பம்பாய் மாகாணத்தில் பார்வே குழு, 1957இல் மத்திய அரசின் மல்கானி குழு. தலைச்சுமையை நிறுத்தித் தள்ளுவண்டி கொடுங்கள் என்றார்கள். 1970இல் பிகாரில் பிந்தேஷ்வர் பாடக் சுலப் அமைப்பைத் தொடங்கி, இரட்டைக் குழிக் கழிவறையைப் பரப்பினார். ஒரு குழி நிரம்பினால் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதல் குழி காய்ந்து எருவான பிறகு அள்ளுவது. நல்ல யோசனை, இடம் உள்ள வீட்டுக்கு. தமிழ்நாட்டில் மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை 1973இல் கலைஞர் அரசு ஒழித்தது, சினிமாவிலும் மேடையிலும் பேசப்பட்டது. மனிதன் மலத்தை மனிதன் சுமப்பதைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது 1993இல். ரிக்‌ஷா தெருவில் ஓடியது, எல்லோரும் பார்த்தார்கள். கூடை சந்தில் போயிற்று.

அந்த 1993 சட்டமும் உலர் கழிப்பிடத்தைத்தான் சொன்னது. செப்டிக் டேங்கில் இறங்குவது அதில் இல்லை. கோலார் தங்க வயலில் தூய்மைப் பணியாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனும் தோழர்களும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கத்தைக் கட்டி, 2003இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். பத்தாண்டு வழக்கு. 2013இல் புதிய சட்டம் வந்தது. தொட்டியிலோ சாக்கடையிலோ ஆளை ஆபத்தான முறையில் இறக்கினால், இறக்கியவர் யாராக இருந்தாலும், வீட்டுக்காரராக இருந்தாலும், முதல் முறையே இரண்டாண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. மத்திய அரசு அவ்வப்போது நாடாளுமன்றத்தில் தந்த சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றிருக்கிறது. நாம் முதலிடத்தில் இருப்பதாகப் பெருமைப்படும் பட்டியல்களோடு இதையும் வைத்துக்கொள்ள வேண்டும். 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதைப் பார்க்க மனதைத் தேற்றிக்கொண்டு உட்காருங்கள்.

ஏன் சாகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க. உள்ளே மீத்தேன் இருக்கிறது, கேமரன் விளக்கு எரித்த அதே வாயு. கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் அடித்தால் வாயு இருக்கிறது, அடிக்காவிட்டால் இல்லை என்று நினைப்பதுதான் எமன். இந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கின் நரம்பை மரத்துப்போக வைக்கும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றும். வண்டலைக் கிளறும்போது அடைபட்ட வாயு மொத்தமாக மேலே வரும். சில மூச்சுதான். விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் இருவர், மூவர், அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று வருவது இதனால்தான். மூடியைத் திறந்து பத்து நிமிடம் விட்டால் போதும் என்பதும், தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் தப்பு. எரியும் வாயு இருக்கிற இடத்தில் தீக்குச்சியா?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புதுத் தொட்டி, ஒரு நாள்கூடப் புழங்காதது, அதிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மேல்தளம் போட்டு மூடி, சில வாரம் கழித்து சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்குவார்கள். மூடிய இடத்தில் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் அழுகி, உள்ளே இருந்த பிராணவாயுவைத் தீர்த்திருக்கும். மலமே இல்லையே என்று தைரியமாக இறங்கியவர் திரும்புவதில்லை.

இப்போது லாரிக்கு வருகிறேன். அது உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் லாரி எதையும் இழுப்பதில்லை. லாரி எஞ்சினில் ஓடும் பம்பு, தொட்டிலாரிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. உள்ளே காற்று குறைந்ததும், வெளியே இருக்கும் வாயுமண்டலம் செப்டிக் டேங்கின் மேல் அழுத்தி, ஓஸ் வழியாக மேலே தள்ளிவிடுகிறது. இளநீரை ஸ்ட்ராவில் குடிப்பதும் பேனாவுக்கு மை ஏற்றியதும் இதே கணக்குதான். டாரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயை வைத்து நிறுவியது. வாயுமண்டலத்தால் தண்ணீரைத் தூக்க முடிந்த உயரம் சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். அதனால்தான் லாரி வீட்டுக்குக் கிட்ட வர வேண்டும் என்று டிரைவர் கெஞ்சுகிறார். காலி செய்யும்போது ஒரு வால்வைத் திருப்பினால் அதே பம்பு காற்றை உள்ளே அடித்து வெளியே தள்ளிவிடும். மூளையோடு செய்த எந்திரம். நான் அறிவியல் பாடத்தில் காட்டிய சிரிஞ்சுக்கு அப்பன்.

எங்கள் பக்கத்தில் 1990களில்தான் தனியார் லாரிகள் வரத் தொடங்கின. சுவரிலும் மின்கம்பத்திலும் செல் நம்பர் எழுதிப் போவார்கள். வாளியும் கயிறும் மெதுவாகக் காணாமல் போனது அந்த நம்பர்களால்தான். சட்டம் செய்யாததை இந்த லாரிகள் கொஞ்சம் செய்தன என்பது என் துணிபு. முழுவதும் செய்துவிடவில்லை. அடி வண்டல் களிமண்ணாக இறுகியிருந்தால் ஓஸில் ஏறாது. அப்போது "யாராவது இறங்கிக் கொஞ்சம் கலக்கி விடுங்கப்பா, நூறு ரூபா சேர்த்துத் தரேன்" என்று வீட்டுக்காரர் சொல்வார். அந்த நூறு ரூபாயில்தான் சாவு இருக்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கரைத்து, மேலிருந்தே நீளக் கம்பால் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். இரண்டு டிரிப்பு ஆகும், ஆகட்டும்.

உறிஞ்சியது எங்கே போகிறது? நம் பையனிடம் போனில் கேட்டேன், எழுத அனுமதியும் வாங்கினேன். "பொய் சொல்ல மாட்டேன் டீச்சர், ஆரம்பத்துல ராத்திரியில ஆளில்லாத வாய்க்கால்லதான் விட்டோம். கொட்ட இடமே கிடையாது, நாங்க எங்க போறது?" என்றான். தென்னந்தோப்புக்காரர்கள் சிலர் கூப்பிட்டு வாங்கிக்கொண்டதும் உண்டாம், எடோ விவசாயி மாதிரி. ஊர்க்காரர்கள் பிடித்து லாரிக் கண்ணாடியை உடைத்ததும் உண்டாம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுங்கள் என்று சொன்ன அரசாங்கம், எடுத்ததை எங்கே வைப்பது என்று வெகுகாலம் சொல்லவில்லை.

தமிழ்நாடு அரசு 2014இல் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015இல் கசடுக்கென்றே தனியாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நம் மாநிலத்தில் முதலாவது 2017இல் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழியில். ஒரு நாளைக்கு 23 ஆயிரம் லிட்டர் கொள்ளளவு. கருங்குழி ஒரு சின்னப் பேரூராட்சி, சென்னையிலிருந்து திருச்சி வரும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்திருப்பீர்கள். லாரி கொண்டுவரும் கசடை மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் விட்டுக் காயவைத்து, வடியும் தண்ணீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். திருச்சியில் மாநகராட்சியின் கழிவுநீர் நீரேற்று நிலையங்களிலேயே லாரிகள் கொட்ட இடம் ஒதுக்கினார்கள். இப்போது லாரிக்கு உரிமம் வேண்டும், ஜி.பி.எஸ். கருவி வேண்டும், கொட்டியதற்குச் சீட்டு வேண்டும். "செலவு ஏறிடுச்சு டீச்சர், ஆனா ராத்திரி தூங்குறேன்" என்றான் அவன்.

அவனுடைய மற்ற கணக்குகளையும் கேளுங்கள். லாரியை நிறுத்த இடம் வாடகைக்குத் தர மாட்டேன் என்கிறார்கள். டீக்கடையில் அவன் ஆட்களுக்குப் பேப்பர் கப் மட்டும். தங்கைக்கு வரன் பார்த்தபோது "அண்ணன் டிரான்ஸ்போர்ட் பிசினஸ்" என்று சொன்னார்களாம். அவன் லாரியில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்திருக்கிறான், யாரையும் தொட்டியில் இறக்கியதில்லை. இறங்கச் சொன்ன மூன்று வீடுகளில் பாதியிலேயே ஓஸைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டானாம், டீசல் காசுகூட வாங்காமல். சென்னையில் 2024 டிசம்பரில் தூய்மைப் பணியாளர் குடும்பங்களையே கழிவுநீர் வண்டிகளுக்கு உரிமையாளராக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அது எல்லா ஊருக்கும் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். எங்கள் சந்தில் சாம்பல் சட்டி தூக்கிய அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளைக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் இருக்கும்.

கடைசியாக, உறவினர்களில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகனுக்கு. போர்ட்டிகோவில் டேங்கை வைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி மூடிவிடலாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று கொத்தனார் சொன்னதாகப் போனில் சொன்னாயே, அப்படிச் செய்யாதே. இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி வை, திறக்கிற மாதிரி கைப்பிடியோடு. அடியில் தளம் போடச் சொல். காற்றுக் குழாயை மாடிக்கு மேலே ஏற்று, கொசுவலை கட்டு. லாரி ஓஸ் வரும் தூரத்தைத் தெருவிலிருந்து அளந்து பார். ஃபினாயிலும் ஆசிட்டும் வாரம் ஒருமுறை கொட்டினால் உள்ளே வேலை செய்கிற பாக்டீரியா செத்துவிடும், மருமகளிடம் சொல். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும் நாளில் நீயே நின்று, இரண்டு மூடியையும் முதல் நாளே திறந்து வைத்து, ஃபேன் வைத்துக் காற்றடித்து, முடிந்தவரை மேலிருந்தே கொக்கி போட்டு இழுக்கச் சொல். எந்த வீட்டிலாவது ஆளை இறக்குவதைப் பார்த்தால் 14420 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். லாரிக்கு நம் பையன் நம்பர் வேண்டும் என்றால் என்னிடம் தனியாகக் கேள், தருகிறேன். பேரம் பேசாதே.